செலாவணியான பெயர்

குவரானி என்ற சொல்லுக்கு அகராதி மூன்று பொருள்கள் தருகிறது. ஒன்று, பராகுவே, பிரேசில், அர்ஜென்டினா, பொலிவியா நாடுகளில் சிதறி வாழும் ஒரு மக்கள் இனம். இரண்டு, அவர்களுடைய மொழி. மூன்று, பராகுவே தேசத்தின் நாணயம். எண் போட்டு முடித்ததும் அகராதி அடுத்த சொல்லுக்கு நகர்ந்துவிடுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் மூன்றும் ஏதோ தற்செயலாக ஒரே ஒலியில் வந்து கூடிவிட்ட மூன்று பொருள்கள் அல்ல. ஒரு பெயர் அதற்குரியவர்களிடமிருந்து மொழிக்கும், மொழியிலிருந்து அரசின் கஜானாவுக்கும் கைமாறிய சரித்திரம் அது. எண்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அகராதி அந்த வெற்றிடத்தை அச்சிடுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குவரானி என்பது அம்மக்கள் தம்மை அழைத்துக்கொண்ட பெயரே அல்ல. தம்மை அவர்கள் அவா என்றார்கள்; மனிதன் என்று பொருள். ம்பியா, கயோவா, ஞாந்தேவா என்று கிளைப்பெயர்களும் உண்டு. குவரானி என்பது வெளியிலிருந்து வந்தவர்கள் 16ஆம் நூற்றாண்டில் பரவலாக்கிய பெயர். அதைப் போரைக் குறிக்கும் ஒரு வேரோடு தொடர்புபடுத்துவது வழக்கம். மனிதன் என்று சொல்லிக்கொண்டவனைப் போர்க்காரன் என்று கேட்டுக்கொண்டதிலிருந்து இந்தச் சொல்லின் வாழ்க்கை தொடங்குகிறது.

பெயர் என்பது அவர்களிடம் என்னவாக இருந்தது? ஜெர்மனியில் பிறந்து பிரேசிலுக்கு வந்து, குவரானிகளால் பெயர் சூட்டப்பட்டு, அந்தப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட குர்ட் நிமுவெந்தாஜு 1914இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார். அவர் அறிந்த குவரானிகளுக்குப் பெயர் என்பது ஆளை அழைப்பதற்கான அடையாளச்சீட்டு அல்ல. ஒருவன் தன் பெயரை வைத்திருப்பதில்லை. அவன்தான் அந்தப் பெயர். கடும் நோயில் விழுந்தவனுக்குக் கடைசி சிகிச்சையாகப் பெயரை மாற்றுவார்கள். பழைய பெயரோடு நோயும் போகவேண்டும்.

இதற்கு அடியில் இன்னொரு சொல் இருக்கிறது: ஞெஎ. பேச்சு, சொல், மொழி என்று அன்றாடப் பொருள். ம்பியாக்களிடம் அதற்கு ஆன்மா என்றும் பொருள். குழந்தைக்குள் இறங்கி அதை நிமிர்ந்து நிற்கவைப்பது சொல். இறப்பது என்றால் அந்தச் சொல் விலகிப் போவது. பராகுவேயில் பிறந்த லெயோன் கதோகன் 1959இல் வெளியிட்ட 'ஐவு ரபிதா' என்ற தொகுப்பு வழியாகவே இது வெளியுலகுக்குத் தெரிந்தது. அதில் இருப்பவை ம்பியாக்கள் அந்நியர் காதில் விழாமல் காத்துவந்த புனித வாசகங்கள். கதோகன் பல்கலைக்கழகப் பட்டம் கொண்ட ஆய்வாளர் அல்ல. காசு கொடுத்து வாங்கிய தகவலும் அல்ல அது. சிறையில் கிடந்த ஒரு ம்பியாவின் விடுதலைக்காக அவர் அலைந்து அதைச் சாதித்த பிறகுதான் இவன் கேட்கத் தகுதியானவன் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு மனிதனின் விடுதலைக்கு எதிராகச் சொற்கள் கொடுக்கப்பட்டன. விலை பேசாத இந்தக் கொடுக்கல் வாங்கலை மனதில் வைத்துக்கொண்டு மொழியின் கதைக்கு வருவோம்.

பராகுவேயின் மொழிநிலை ஒரு அதிசயமாக எப்போதும் பேசப்படுகிறது. அமெரிக்கக் கண்டத்தில் பழங்குடிகள் அல்லாத பெரும்பான்மை மக்கள் ஒரு பழங்குடி மொழியைப் பேசும் தேசம் வேறில்லை. 1967 அரசியல் சட்டம் குவரானியை தேசிய மொழிகளில் ஒன்று என்றது. 1992 அரசியல் சட்டம் ஸ்பானிஷுக்கு இணையான ஆட்சிமொழி ஆக்கியது. 2010இல் மொழிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதே தேசத்தில் பழங்குடிகள் எல்லோரையும் சேர்த்தாலும், குவரானி அல்லாதவர்களையும் கூட்டினாலும், மக்கள்தொகையில் சுமார் 2 சதவீதம்தான். மொழி ஜெயித்தது, மக்கள் தோற்றார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பது சௌகரியமானது. ஆனால் நேர்மையானது அல்ல.

ஏனென்றால் பராகுவே விவசாயி பேசும் குவரானி திருட்டுச் சொத்து அல்ல. அது அவனுக்குத் தாயிடமிருந்து வந்தது. 1537இல் அசுன்சியோன் நிறுவப்பட்டபோது ஸ்பானியர்களோடு ஸ்பானியப் பெண்கள் அநேகமாக இல்லை. குவரானித் தலைவர்கள் தங்கள் பெண்களைக் கொடுத்து வந்தவர்களை மைத்துனர்கள் ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் கணக்கில் அது உறவு. மைத்துனன் என்றால் வயலில் கைகொடுக்க வேண்டியவன், கைகொடுக்கப்பட வேண்டியவன். ஸ்பானியன் அதில் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டான். சில ஆண்டுகளுக்குள் பெண்கள் கொடுக்கப்படுவது நின்று பிடித்துக்கொண்டு போகப்படுவது ஆரம்பித்தது. 1556இல் குவரானிகளை ஸ்பானியர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கட்டாய உழைப்பு முறை அமலுக்கு வந்தது. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் அம்மாவின் மொழியைப் பேசினார்கள். ஆகவே மொழி பிழைத்தது உண்மை. எப்படிப் பிழைத்தது என்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதுதான் பொய்.

பாதிரிமார்கள் இன்னொரு வழியில் மொழியைக் காப்பாற்றினார்கள். 1609 முதல் 1767 வரை ஏசுசபையார் நடத்திய குடியிருப்புகளில் குவரானி எழுத்து மொழியாயிற்று. அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா 1639இல் மட்ரிடில் அச்சிட்ட அகராதிக்குப் பொக்கிஷம் என்றே பெயர் வைத்தார். பொக்கிஷம்தான். ஆனால் பொக்கிஷம் பூட்டித்தான் வைக்கப்படுகிறது. சாவி யாரிடம் என்ற கேள்வி உடனே வருகிறது. கராயி என்ற ஒரு சொல்லின் கதியைப் பார்த்தால் போதும். கராயி என்றால் ஆதியில் ஊர் ஊராகச் சென்று தீமையற்ற பூமியைப் பற்றிப் பேசிய பெரும் தீர்க்கதரிசி. பிறகு அது வெள்ளைக்காரனைக் குறித்தது. ஞானஸ்நானம் கொடுப்பது என்பதற்கான வினைச்சொல் கராயி ஆக்குவது என்று ஆயிற்று. இன்று பராகுவேயில் கராயி என்றால் ஐயா, எஜமான். ஸ்பானிஷ் மொழிக்கு குவரானியில் பெயர் கராயி ஞெஎ, எஜமானின் பேச்சு. தம் மொழிக்கு அவாஞெஎ, மனிதனின் பேச்சு. காட்டோரம் மிஞ்சிய ம்பியாக்களிடம் மட்டும் கராயி இன்றும் ஒரு தெய்வத்தின் பெயர். ஒரே சொல் ஒரு வாயில் தெய்வமாகவும் மற்றொரு வாயில் எஜமானாகவும் இருக்கும்போது அதை ஒரே மொழி என்று சொல்வதற்குக் கொஞ்சம் தயங்கவேண்டும்.

அரசுக்கும் இம்மொழிக்கும் உள்ள உறவில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. போர் வந்தால் மொழி வேண்டும். போர் முடிந்தால் வேண்டாம். 1864இல் தொடங்கிய போரில் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும் பராகுவேயை எதிர்த்து நின்றபோது, 1867இல் அரசு முழுக்க முழுக்க குவரானியில் ஒரு பத்திரிகை நடத்தியது. அதன் பெயர் 'லம்பரே'. ஸ்பானியர்களை எதிர்த்த ஒரு குவரானித் தலைவனின் பெயர். போரில் நாடு அழிந்தது. பிறகு வந்த ஆட்சியில் அதே மொழி பள்ளிக்கூடத்தில் தடைசெய்யப்பட்டது. 1932இலிருந்து 1935வரை பொலிவியாவோடு நடந்த சாக்கோ போரில் எதிரிக்குப் புரியாத மொழி என்பதால் மீண்டும் தேவைப்பட்டது.

முதல் போரின் கடைசி மாதத்தில் நடந்த ஒரு காரியம் இதைவிடக் கூர்மையானது. 1870 மார்ச் 1 அன்று செர்ரோ கொரா என்ற இடத்தில் பராகுவேயின் அதிபர் சொலானோ லோபஸை பிரேசில் படை கொன்றது. பதினெட்டு நாள் கழித்து, மார்ச் 19 அன்று, மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் பிரேசில்காரர் கார்லோஸ் கோமெஸ் இசையமைத்த 'இல் குவரானி' என்ற இசைநாடகம் அரங்கேறியது. ஜோசே தெ அலென்கார் 1857இல் எழுதிய நாவல்தான் மூலம். நாயகன் உன்னதமான குவரானி வீரன்; இத்தாலிய மொழியில் பாடுகிறான். குவரானி பேசிய சிப்பாய்கள் காட்டில் செத்துக்கொண்டிருந்த காலத்தில் குவரானி என்ற பெயர் ஐரோப்பிய மேடையில் கைதட்டல் வாங்கியது. இதில் யாருடைய சதியும் இல்லை. பெயர் ஆளைவிட்டுப் பிரிந்துவிட்டால் எங்கும் போகலாம் என்பதற்கு இது சாட்சி.

பெயர் போகக்கூடிய இடங்களில் கடைசி இடம் காசு. 1943இல் பராகுவே பழைய பெசோவைக் கைவிட்டு, நூறு பெசோவுக்கு ஒன்று என்ற கணக்கில் புதிய நாணயம் கொண்டுவந்து அதற்கு குவரானி என்று பெயரிட்டது. பூர்வகுடியைக் கௌரவிக்கும் செயல் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். தமிழில் நாணயம் என்றால் நேர்மை என்றும் பொருள் உண்டு. அந்த இரண்டாம் பொருளில் இந்த நாணயத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்.

ஐயாயிரம் குவரானித் தாளில் இருப்பவர் கார்லோஸ் அந்தோனியோ லோபஸ். 1848இல் ஒரு ஆணை மூலம், எஞ்சியிருந்த 21 இந்தியக் கிராமங்களைக் கலைத்து அங்கிருந்தவர்களைக் குடியரசின் பிரஜைகள் என்று அறிவித்தவர். பிரஜை ஆன அதே கணத்தில் அவர்களுடைய பொது நிலமும் கால்நடையும் அரசுடைமை ஆயின. பத்தாயிரம் தாளில் சர்வாதிகாரி பிரான்சியா. ஐம்பதாயிரத்தில் கிதார் மேதை அகுஸ்தீன் பாரியோஸ். தன் பெயரைத் திருப்பிப்போட்டு நித்சுகா மங்கோரே என்று ஒரு இந்தியத் தலைவனின் பெயரையும் சேர்த்துக்கொண்டு, இறகுகள் அணிந்து மேடையேறிய காலம் ஒன்று அவருக்கு உண்டு. லட்சம் குவரானித் தாளில் ரோக் கொன்சாலெஸ், ஏசுசபைப் பாதிரியார். 1988இல் புனிதர் ஆக்கப்பட்டவர். 1628இல் அவரைக் கொன்றவர்கள் குவரானிகள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. மொழி தெரிந்த, துணிந்த மனிதர். ஆனால் குவரானி என்ற பெயர் தாங்கிய மிக உயர்ந்த மதிப்பில் குவரானிகள் கொன்ற மனிதரின் முகம் இருக்கிறது என்பதை அச்சடித்தவர்கள் கவனித்தார்களா என்று தெரியவில்லை. கவனிக்காமல் இருந்திருந்தால் அதுவே கூடுதல் உண்மை.

காசுக்கு குவரானி மொழியில் தனிச் சொல் உண்டு: பிராபிரே. மீனின் தோல் என்று பதம் பிரிக்கலாம். ஏளனமும் விளையாட்டும் கலந்த நல்ல சொல். காசுக்கு மொழி தந்த பெயர் அது. அரசு வைத்தது மக்களின் பெயர். இன்னொன்று: பழைய குவரானியில் எண்ணுப்பெயர்கள் நான்கு வரைதான். அதற்கு மேற்பட்டவை 20ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் உருவாக்கியவை. சந்தையில் குவரானியில் பேரம் பேசுகிறவனும் விலை சொல்லும்போது ஸ்பானிஷ் எண்ணுக்குத் தாவிவிடுகிறான். டாலருக்கு ஆயிரக்கணக்கில் மாறும் காசுக்கு, நான்குக்கு மேல் எண்ணும் தேவையின்றி வாழ்ந்தவர்களின் பெயர்.

இதைப் பின்தங்கிய நிலை என்று வாசித்தால் மொத்தமும் தவறிப்போகும். அந்த மொழியை ஆயுள் முழுதும் படித்தவர் பர்த்தொமேயு மெலியா. மயோர்க்காவில் பிறந்த ஏசுசபையார். ஆசே பழங்குடிகள் வேட்டையாடப்படுவதைக் கண்டித்ததால் 1976இல் ஸ்த்ரோஸ்னர் ஆட்சி அவரை வெளியேற்றியது. குவரானிப் பொருளாதாரத்தின் மையச் சொல் ஜொபோய் என்கிறார் அவர். பரஸ்பரம் கை திறத்தல் என்று அதைப் பிரிக்கிறார். விலைக்கும் பழிவாங்கலுக்கும் பழைய மொழியில் ஒரே வேர் என்பதையும் எடுத்துக்காட்டுகிறார். திறந்த கை ஒரு பக்கம். மறுபக்கம், திருப்பிக் கொடுத்தே தீரவேண்டிய விலை, அதாவது பழி. இந்த வேர் இருக்கும் மொழியின் பெயரைக் காசுக்கு வைத்தவர்கள், கொடுத்துத் தீர்க்காத ஒரு கணக்கின் மேல் அந்தப் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

இப்போது தமிழ் வாசகனுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் தன்மைப் பன்மை ஒன்றுதான். குவரானியில் இரண்டு: ஞாந்தே, ஓரே. கேட்பவனையும் சேர்த்தது ஞாந்தே. கேட்பவனை விலக்கியது ஓரே. ஸ்பானியர்களுக்கு இதை விளக்கப் பாதிரிமார்கள் இலக்கணத்தில் தனியே எழுதவேண்டியிருந்தது. நமக்கு விளக்கவே வேண்டாம். நாம், நாங்கள். இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரம் நம் காதில் பிறந்ததிலிருந்து இருக்கிறது.

அரசு தன் காசுக்கு குவரானி என்று பெயரிடும்போது அது சொல்வது நாம் என்று. நாம் குவரானிகள், நம் மொழி குவரானி, நம் காசு குவரானி. 1982இல் இதைப்பூ அணை நிரம்பியபோது அவா குவரானிகளின் கிராமங்கள் நீரில் போயின. இதைப்பூ என்பதும் குவரானிப் பெயர்தான்; ஒலிக்கும் கல். ஆற்றில் இருந்த அந்தப் பாறையின் பெயர் மின் நிலையத்துக்கு வந்துவிட்டது. பெயரை வைத்துக்கொண்டு ஊரை எடுப்பது என்ற பழக்கத்துக்கு பராகுவே, பிரேசில் இரண்டும் அங்கே கூட்டாளிகள். எல்லைக்கு அந்தப்பக்கம், பிரேசிலில், ஞாந்தேவா கிளையைச் சேர்ந்த மார்சால் தெ சோசா 1980இல் மனாவுஸ் நகருக்கு வந்த போப்பாண்டவர் முன் நின்று, தம் மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்படுவதைச் சொன்னார். 1983 நவம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஞாந்தேவா என்ற பெயரிலேயே ஞாந்தே இருக்கிறது. நாம் என்பதையே பெயராகக் கொண்ட ஒரு கூட்டத்தின் மனிதன் கடைசியில் நாங்கள் என்று பேசும்படி ஆனது. மூன்று அர்த்தங்களுக்கும் நடுவிலுள்ள பிளவு இதுதான்: நாம் என்று சொல்பவனிடம் காசும் சட்டமும் இருக்கின்றன, யாரைப் பற்றிச் சொல்கிறானோ அவன் நாங்கள் என்ற பக்கத்தில் நிற்கிறான்.

இலக்கியத்தில் இந்தப் பிளவை முழுக்க உணர்ந்தவர் ஔகுஸ்தோ ரோவா பாஸ்தோஸ். 1917இல் பிறந்தவர். 1947இலிருந்து 1989வரை நாடுகடந்த வாழ்வு. ஸ்பானிஷில் எழுதினார்; தன் எழுத்தின் அடியில் எழுதப்படாத ஒரு குவரானிப் பிரதி இருப்பதாகக் கருதினார். 1960இல் வந்த 'மனித புத்திரன்' நாவலில் குவரானிச் சொற்கள் வருகின்றன என்பதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. வட்டார வாசனைக்குச் சொல் தூவுவது எந்த எழுத்தாளனுக்கும் எளிது; அதுவும் ஒருவகையில் நாணயம் அச்சிடுவதுதான். ரோவா பாஸ்தோஸின் சாதனை வேறு இடத்தில் இருக்கிறது. இதாபே கிராமத்தில் கிழவன் மக்காரியோ கதைகள் சொல்கிறான். குவரானியில் சொல்கிறான். அதை நமக்கு ஸ்பானிஷில் எழுதித் தருபவன் மிகேல் வேரா. படித்தவன், ராணுவ அதிகாரி, பின்னால் கலகக்கார விவசாயிகளைக் குடிபோதையில் காட்டிக்கொடுத்துவிடுகிறவன். கதையை எழுதுகிற கையும் காட்டிக்கொடுத்த வாயும் ஒரே ஆளுடையது. எழுதத் தெரிந்தவன் அம்மக்களைப் பற்றி நாம் என்று சொல்ல முற்படும்போது என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு கறாராக நாவலின் அமைப்பிலேயே வைத்தவர் வேறு யாரும் எனக்குத் தெரியாது.

1974இல் வந்த 'யோ எல் சுப்ரேமோ' இதையே அதிகாரத்தின் உள்ளிருந்து பார்க்கிறது. பத்தாயிரம் தாளில் இருக்கும் அதே பிரான்சியாதான் நாயகன். அவன் கையெழுத்தைப் போலி செய்து யாரோ தேவாலயக் கதவில் ஒட்டிய ஆணையோடு நாவல் தொடங்குகிறது. தன் பெயர் தன் பிடியிலிருந்து நழுவிய திகிலில் அவன் நாவல் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறான். சர்வாதிகாரிக்கு அந்தத் திகில் ஒரு துண்டுக் காகிதத்தில் வந்தது. குவரானிகளுக்கு நானூறு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது.

ரோவா பாஸ்தோஸின் எல்லையும் இங்கேதான். அவருடைய குவரானி கலப்பின விவசாயியின் குவரானி. காட்டின் குவரானி அல்ல. அவருக்கே அது தெரிந்திருந்தது. 1978இல் பழங்குடிகளின் பாடல்களையும் அவர்களைப் பற்றிய கட்டுரைகளையும் தொகுத்து, தண்டனை விதிக்கப்பட்ட கலாச்சாரங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். நாவலாசிரியன் தன் குரலை அடக்கிக்கொண்டு தொகுப்பாளன் ஆகிவிடும் அந்தச் செயலை அவருடைய படைப்புகளில் ஒன்றாகவே எண்ணவேண்டும். அங்கே அவர் நாம் என்று சொல்லவில்லை.

லத்தீன் அமெரிக்க எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்துகொண்டிருக்கிறது. மக்காரியோ குவரானியில் சொன்னது ஸ்பானிஷுக்கு வந்தபோது அவனுடைய ஞாந்தேயும் ஓரேயும் ஒன்றாகக் கரைந்தன. ஆங்கிலத்தில் கரைந்தபடியே இருக்கின்றன. தமிழுக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளன் நாம் என்றோ நாங்கள் என்றோ எழுதியே ஆகவேண்டும். நம் மொழி அவனை விடாது. ஸ்பானிஷ் இழந்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு, தமிழின் பெருமையால் அல்ல, இலக்கணத்தின் தற்செயலால் நமக்குக் கிடைக்கிறது. ஆனால் எதை எழுதுவது என்று தீர்மானிக்க, பேசுகிறவன் யார், கேட்கிறவன் யார், நிலம் யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும். அகராதியின் 1, 2, 3 இதற்கு உதவாது. பக்கத்துக்குப் பக்கம் கைபோன போக்கில் நாம் என்று எழுதிப்போகும் மொழிபெயர்ப்பு, பராகுவேயின் மத்திய வங்கி செய்த காரியத்தையே தமிழில் மறுபடியும் செய்கிறது.